முந்நூறு வாய்

மீன் வளர்ப்பது சுலபம். ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு ஏர் பம்ப், காலையில் ஒரு சிட்டிகை தீனி. முடிந்தது. ஆபீஸ் விட்டு லேட்டாக வந்தால் 'எங்கே போனே?' என்று கேட்காத ஒரே ஜீவன் வீட்டில் அதுதான். ஆனால் அந்த மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டது என்று வையுங்கள்... அன்று முதல் நீங்கள் சாதாரண ஆள் இல்லை சார், மெஸ் ஓனர்! முந்நூறு பேருக்கு வேளாவேளைக்குப் பந்தி போட வேண்டும். அந்த முந்நூறு பேருக்கும் சேர்த்து வாய் ஒரு குண்டூசித் தலை அளவுதான் இருக்கும்.

நான் வாங்கியது ஃபைட்டர் ஜோடி. 2023 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், கொளத்தூரில். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். கடைகள் ஒரு பக்கம் இருக்க, வீட்டு மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. ஃபைட்டருக்குச் சொந்த ஊர் தாய்லாந்து. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. அப்பேர்ப்பட்ட பிரமுகரை நான் பாலிதீன் பையில் போட்டு, பஸ்ஸில் ஸ்டாண்டிங்கில் கொண்டு வந்தேன்.

இந்த மீனில் குடும்பப் பொறுப்பு முழுக்க ஆணுக்கு. தண்ணீரின் மேல் எச்சில் குமிழி விட்டு விட்டு நுரைக்கூடு கட்டுவது அவர். முட்டைகளை வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுவது அவர். பெண் மீனுக்கு முட்டை போட்டதோடு டூட்டி ஓவர். உடனே அதை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முட்டையைத் தின்னும், அல்லது ஆணிடம் கடிபடும். குஞ்சு பொரித்த பிறகும் நழுவிக் கீழே விழும் ஒவ்வொன்றையும் ஆண் மீன் ஓடி ஓடிக் கவ்வி மறுபடி மேலே கொண்டுபோய் வைக்கிறது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஆம்பளைதானே? நல்லா பார்த்துச் சொல்லுடா" என்றாள். சொல்லும்போது கண் அப்பா பக்கம் போனது.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் 2020-ல் ரிட்டயர் ஆனவர். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்தவருக்கு, மறுநாளிலிருந்து பார்க்க ஒன்றுமில்லை. தலைப்புச் செய்தியில் ஆரம்பித்து டெண்டர் விளம்பரம் வரை படிப்பார். ஜன்னலைப் பார்ப்பார். "மழை வருமா?" என்பார். பதில் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொள்வார். மதியம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்" என்பார். டாக்டரிடம் காட்டினோம். "உடம்பில் ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

குஞ்சு கதைக்கு வருகிறேன். பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் கவலை கிடையாது. வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். பிறந்த வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு! அது தீரும் வரை கூட்டில் வால் கீழே தொங்க, கமாவைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். தீர்ந்ததும் படுக்கை வசத்தில் நீந்த ஆரம்பிக்கும். அன்றைக்கு அப்பா மீனையும் வெளியே எடுத்துவிட வேண்டும். இவ்வளவு நாள் பட்டினி கிடந்தவருக்கு, பிள்ளை எது, தீனி எது என்ற வித்தியாசம் மறந்து போகலாம்.

இனிமேல்தான் நம் டூட்டி. கடைத் தீனியைப் பொடி செய்து போட்டால் அந்த வாய்க்குள் நுழையாது. நுழைந்தாலும் ஃபைட்டர் குஞ்சு அசைகிற இரையைத்தான் துரத்தும். சிலர் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிவார்கள். ஒரு சொட்டு அதிகமானால் போதும், மறுநாள் தண்ணீர் நாறிவிடும், குஞ்சு பிழைக்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத்தான் வளர்க்க வேண்டும். காய்ந்த வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறப் போட்டு, பழைய மீன் தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர் சேர்த்து ஜாடியை மூலையில் வைத்தேன். மூன்றாம் நாள் பால் போலக் கலங்கி, வீடே மூக்கைப் பிடித்தது.

"ஏங்க, ஒண்ணு அந்த ஜாடி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி. நான் யோசிப்பதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது அவளுக்கு.

ஐந்தாம் நாள் கலங்கல் தெளிந்தது. ஒரு டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் வெள்ளைத் தூசு தூசாக ஏதோ துள்ளியது. சாப்பாடு ரெடி!

இப்போது சிக்கல். குஞ்சுக்கு ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நாலு வேளை. நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், திரும்ப இரவு ஏழு. மீன்குஞ்சுக்குச் சோறூட்ட பெர்மிஷன் கேட்டால் எங்கள் மானேஜர் என்னை எந்த டாக்டரிடம் அனுப்புவார் என்று எனக்குத் தெரியும். தயங்கித் தயங்கி அப்பாவிடம் போனேன்.

"மதியம் ரெண்டு வேளை மட்டும்... அஞ்சு ஸ்பூன் ஊத்தினா போதும்ப்பா."

"எனக்கு வேற வேலை இல்லியா?" என்றார்.

இல்லைதான். ஆனால் அதை யார் சொல்வது?

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு ஆபீஸில் என் செல் அடித்தது. அப்பா! அவர் எனக்கு போன் செய்து எத்தனை மாதம் ஆகியிருக்கும்? பதறி எடுத்தேன்.

"அஞ்சு ஸ்பூன்னு சொன்னியே, டீ ஸ்பூனா, டேபிள் ஸ்பூனா?"

அன்று மாலை போனால், பழைய டைரி ஒன்று தொட்டி பக்கத்தில் இருந்தது. பக்கத்துக்கு நாலு கோடு. தேதி, நேரம், அளவு, குறிப்பு. மதியம் 12.15, ஐந்து டீ ஸ்பூன், 'சுறுசுறுப்பு திருப்தி'. கீழே இனிஷியல் வேறு!

இரண்டாம் வாரம் ஆர்ட்டீமியாவுக்கு மாறினோம். காபிப் பொடி மாதிரி இருக்கும், அத்தனையும் முட்டை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து கிரேட் சால்ட் லேக் ஏரியில் அள்ளி டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்த இனம் உண்டு. காய்ந்த நிலையில் வருஷக்கணக்கில் உயிரோடு தூங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு போட்டு, கால் ஸ்பூன் முட்டை தூவி, பம்ப் வைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பம்பை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும். அடியில் டார்ச் அடித்தால் குஞ்சு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து ஆரஞ்சு மேகம் மாதிரி கூடும். ட்யூப் வைத்து அந்த மேகத்தை மட்டும் உறிஞ்சி, வேட்டித் துணியில் வடிகட்டி, உப்புப் போக அலசி, தொட்டியில் விட வேண்டும்.

இந்த வேலை அத்தனையும் அப்பா கைக்குப் போனது. வேட்டியும் அவருடையதுதான். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்து, "வயிறு ஆரஞ்சா தெரியுதுடா! சாப்பிட்டிருக்கு!" என்று அவர் கத்தியபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். மீனைப் பார்க்க அல்ல.

எல்லாம் இப்படியே போயிருந்தால் நன்றாக இருக்கும். நாலாவது வாரம் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. ஃபைட்டருக்கு வெளிக்காற்றைச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பு உண்டு. குஞ்சுக்கு அது உருவாகிற சமயம்தான் கண்டம். அதற்காக மூடி போட்டுக் காற்றை வெதுவெதுப்பாக வைத்திருந்தோம். மிச்சத் தீனியை ட்யூபால் உறிஞ்சி எடுத்து, ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் சேர்த்தோம். அப்படியும் ஒரே காலையில் முப்பத்தொன்று. டைரியில் எழுதியிருந்தார்: 'இழப்பு 31. காரணம் தெரியவில்லை.' இனிஷியல் இல்லை.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை என்று மனைவி போன் செய்தாள். எனக்கு ஆபீஸில் கை ஓடவில்லை. மறுபடி அந்த ஜன்னலுக்கே போய்விடுவாரோ?

இரவு பக்கத்தில் உட்கார்ந்து, "முந்நூறுன்னா முந்நூறும் பிழைக்காதுப்பா. அதனாலதான் அத்தனை முட்டை போடுது. ஐம்பது வந்தாலே பெரிய விஷயம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை மிஞ்சும்னு கணக்குப் போடறது உன் வேலை. பன்னெண்டே காலுக்குச் சோறு போடறது என் வேலை. காலையில பம்பு ட்யூப் ஒண்ணு வாங்கிட்டு வா, பழசு விறைச்சுப் போச்சு" என்றார்.

கடைசியில் அறுபத்து நாலு தேறியது. இரண்டரை மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்தன. இருபத்தொன்பது பாட்டில், நடுவில் அட்டைத் தடுப்பு. ஷெல்ஃபில் இருந்த என் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

ஒரு ஞாயிறு, மீன்களைக் கொடுக்கக் கொளத்தூருக்கு ஆட்டோவில் போனோம். அப்பாவும் வந்தார். நான் விலை பேசிக்கொண்டிருக்க, அவர் கடைக்காரரிடம், "மதியம் எத்தனை மணிக்குத் தீனி போடுவீங்க?" என்று விசாரித்தார். பதில் திருப்தியாக இல்லை போலிருக்கிறது. பையிலிருந்து டைரியை எடுத்துக் கொடுத்தார்.

கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, நம்ம கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே.

அப்பா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?" என்றார்.