அழுத பிள்ளையும் அறுபது நாளும்



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய மாணவன் ஒருவன் பீடோரில் உள்ள என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன். கட்டுரைப் போட்டி என்றால் முதலில் கை தூக்குபவன். இப்போது வயது இருபத்தொன்பது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தவன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

"டீச்சர், என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" என்றான்.

எனக்கு அது முன்பே தெரியும். அவன் முகநூலில் எழுதியிருந்ததைப் படித்தவள்தான் நான். நிர்வாகம் ஒரு காலை வேளையில் அவனை அறைக்குள் அழைத்து, ஆட்குறைப்பு என்று கடிதத்தைக் கையில் கொடுத்து, அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட கதையை உருக்கமாக எழுதியிருந்தான். எண்ணூறு பேருக்கு மேல் அதைப் பகிர்ந்திருந்தார்கள். நானும் கண்ணீர் வடிக்கும் முகம் ஒன்றைத் தட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று சோறு வடிக்கப் போய்விட்டேன். அதை இப்போது வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

"கடிதம் கிடைச்சு எத்தனை நாளாச்சு தம்பி?"

"நாற்பத்தேழு நாள் டீச்சர்."

"எங்கேயாவது மனு கொடுத்தியா?"

"முகநூலில் எழுதியிருக்கேனே டீச்சர்! சென்னையில கூட முகநூலில் எழுதித்தானே பெரிய கம்பெனியையே ஆட்டி வச்சாங்க?"

அவனுக்குப் பதில் சொல்லுமுன் என் அம்மாவின் மைலோ டின் என் நினைவுக்கு வந்தது.

1991-இல் நாங்கள் இருந்த தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரட்டுக் களத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பால்மரம் வெட்டிய கைகளுக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியவில்லை. அன்று எங்களுக்கு முகநூல் ஏது, புலனம் ஏது? குழாயடியும் ஒட்டுக்கடையும் கோயில் திண்ணையுந்தான் செய்தி நிலையங்கள். ஒரு வாரம் முழுக்க அழுகையும் ஆத்திரமுமாக லயமே கொதித்தது. ஆனால் பணம் கணக்குப் பார்த்த அன்று, பதினான்கு ஆண்டுகள் வேலை செய்த என் அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்குத்தான் கணக்குக் காட்டினார்கள்.

அம்மா சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து மைலோ டின்னைக் கவிழ்த்தார். பதினான்கு ஆண்டுச் சம்பளச் சீட்டுகள்! எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒன்றைக்கூட எறியாமல் சேர்த்து வைத்திருந்தார். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு நான்தான் மனு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கட்டுரை என்று அதைத்தான் சொல்வேன். சில மாதங்கள் அலைந்த பிறகு விடுபட்ட ஐந்து ஆண்டுப் பணமும் வந்து சேர்ந்தது. சீட்டை எறிந்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு வரவில்லை. அம்மாவை விட அதிகமாக அழுதவர் அவர்தான்.

சரி, தம்பி சொன்ன சென்னைக் கதை என்ன? அன்றிரவு உட்கார்ந்து விவரமாகப் படித்தேன்.

2014-ஆம் ஆண்டு இறுதியில், டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் என்னும் கணினி நிறுவனம் தன் ஊழியர்களில் சிலரை வேலையிலிருந்து விடுவிக்கத் தொடங்கியது. பெரும்பாலும் அனுபவம் மிகுந்த நடுத்தர நிலை ஊழியர்கள். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று கழுத்து வரை பொறுப்பு உள்ளவர்கள். கணினித் துறையில் அதுவரை சங்கம் என்பதே அரிது. பக்கத்து மேசைக்காரருக்கு நடந்தது அடுத்த மாடிக்குத் தெரியாது. அந்த நிலையில் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். ஆட்குறைப்பை எதிர்க்கிறோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர் மன்றம் ஒன்று முன்னின்று அவர்களைத் திரட்டியது. சென்னையிலும் வேறு நகரங்களிலும் சட்டை மடிப்புக் கலையாத இளைஞர்கள் பதாகை பிடித்து நின்றார்கள்.

அந்த நாட்களில் 25,000 பேருக்கு வேலை போகப் போகிறது என்று முகநூலில் பரவியது. நிறுவனம் அதை மறுத்து, மொத்த ஊழியரில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டினர்தான் என்று சொன்னது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்! கூட்டிச் சொன்ன எண்ணிக்கை எதிராளிக்கு ஒரு பிடி கொடுத்துவிடுகிறது. உண்மையாக வேலை இழந்தவரின் துயரம் அந்த எண்ணிக்கைச் சண்டையில் அமுங்கிப் போகிறது.

ஆனால் உண்மையான திருப்பம் முகநூலில் நடக்கவில்லை, வாசகர்களே. அது நீதிமன்றத்தில் நடந்தது. கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி கணினி ஊழியரும் தொழிலாளியே என்பது அவர் தரப்பு வாதம். 2015 ஜனவரியில் அவருடைய பணிநீக்கத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, 2016-இல், கணினித் துறை ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. முகநூல் ஆட்களைக் கூட்டியது. தடையுத்தரவைப் பெற்றுத் தந்ததோ, முத்திரை குத்திய காகிதம்.

இந்தக் கதை அத்தோடு முடியவும் இல்லை. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. உலகம் முழுவதும் இதே காற்றுத்தான். 2022 நவம்பரில் டுவிட்டர் நிறுவனம் தன் ஊழியரில் ஏறக்குறையப் பாதிப்பேரை ஒரே வீச்சில் நீக்கியபோது, அவர்கள் அந்த டுவிட்டரிலேயே பிரிவுச் செய்தி எழுதினார்கள். தாங்கள் கட்டிய திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதது போல.

மறுநாள் காலை, அம்மா காலத்துச் சங்கச் செயலாளர் ஒருவரைத் தேடித் தம்பியை அழைத்துப் போனேன். எண்பதைத் தாண்டிய பெரியவர். முகநூல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எண்ணூறு பேர் பகிர்ந்ததைத் தம்பி பெருமையாகச் சொன்னதும், "அதில் ஒருத்தராவது அறுபது நாள் என்று சொன்னாரா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

பெரியவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் தக்க காரணமின்றி வேலை நீக்கப்பட்டதாகக் கருதுபவர், வேலையைத் திரும்பக் கேட்டு 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆட்குறைப்புப் பணம் வேறு கணக்கு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு இது சட்டப்படியான உரிமை. குறைவாகக் கொடுத்தால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். 2018 ஜனவரி முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு, 60 நாள்தான்.

தம்பிக்கு ஏழு ஆண்டு. 140 நாள் சம்பளமும், எட்டு வார முன்னறிவிப்புக்கு ஈடான தொகையும் வந்திருக்க வேண்டும். கிடைத்தது ஒரே ஒரு மாதச் சம்பளம். அதைக் கருணைத் தொகை என்று வேறு எழுதியிருந்தார்கள்!

கையில் இருந்ததோ பதின்மூன்று நாள்.

அன்றிரவு என் வீட்டு மேசையில் மறுபடியும் ஒரு மனு எழுதினோம். தம்பி முகநூலில் எழுதியதை அப்படியே கொண்டு வந்திருந்தான். சிவப்புப் பேனாவை எடுத்தேன். "முந்நூறு பேரை நீக்கினார்கள்" என்று இருந்தது. "நீ எண்ணினாயா?" என்றேன். தெரிந்தது பன்னிரண்டு பேர்தான் என்றான். பன்னிரண்டு என்று திருத்தினோம். மேலாளரை ஏசியிருந்த நான்கு வரிகளை அடித்தேன். முகநூலிலிருந்தும் அதை எடுக்கச் சொன்னேன். ஏச்சை வைத்து அவன் மீதே புகார் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? அவன் எழுதியதற்கு விருப்பம் தெரிவித்த ஒரு பெண்ணை, இன்னும் வேலையில் இருப்பவளை, நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. நம் கோபத்துக்குப் பிறர் விலை கொடுக்கக் கூடாதல்லவா?

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது முகநூலில்தான், அதையும் சொல்ல வேண்டும். வேறு வேறு பிரிவு, வேறு வேறு ஷிப்ட். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருந்தார்கள். அவன் எழுதியிராவிட்டால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே இப்படி நடந்தது என்று வீட்டில் குமுறிக்கொண்டிருப்பார்கள். ஐம்பத்திரண்டாம் நாள் பன்னிரண்டு பேருமாகச் சேர்ந்து ஈப்போவுக்குப் போய் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தார்கள்.

குறைந்த பணம் வந்துவிட்டது. வேலையைத் திரும்பக் கேட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. முடிவு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. தம்பி இப்போது தாப்பாவில் ஒரு பட்டறையில் தற்காலிகமாக வேலை செய்கிறான்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். உண்மைதான். அழவே தெரியாமல் இருந்த நம் சமூகத்துக்கு முகநூல் ஒரு குரலைக் கொடுத்திருக்கிறது. ஆனால் பால் எந்த வீட்டில் இருக்கிறது, அந்தக் கதவு எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதையும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் இன்றே ஒன்று செய்யுங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எங்கே வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்பான். பரவாயில்லை, ஒரு படியெடுத்துக் கொடுக்கச் சொல்லி, பழைய மைலோ டின் ஒன்றில் போட்டு வையுங்கள். யாராவது வேலை போன துயரத்தை எழுதியிருப்பதைப் பார்த்தால், என்னைப் போலக் கண்ணீர் முகத்தைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். "எத்தனை நாளாச்சு தம்பி?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.