கொழுந்தும் கண்ணாடியும்

மரக்கறி லொறிகள் நெரிந்து நிற்கும் வெலிமடை நகரிலே, கண்ணாடிக் கடையொன்றில் ஒரு தாயும் மகளும் அமர்ந்திருந்தனர். மேசைமீது சட்டகங்கள் பல பரப்பப்பட்டிருந்தன. தாய்க்கு வயது 48. அவற்றில் 30 ஆண்டுகளைத் தேயிலை மலையிலே கழித்தவள். மகள் பல்கலைக்கழகத்திலே பயில்பவள். விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருந்தாள். மகாபொலப் புலமைப்பரிசுப் பணத்தில் சிறுகச் சிறுக அவள் மிச்சம்பிடித்தது கைப்பையில் இருந்தது.

சில மாதங்களாகவே தாயின் கூடையில் முற்றல் இலைகள் மிகுந்து வந்தன. நிறுவையின்போது கணக்கப்பிள்ளை அவற்றைப் பொறுக்கி எறிந்தார், நிறை குறைந்தது. “கை தளந்து போச்சு” என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க அவள் பட்ட பாட்டைக் கண்ட மகளே, தளர்ந்தது கண் என்பதை உணர்ந்தாள். அரசாங்க மருத்துவமனையில் பரிசோதித்தனர். வெள்ளெழுத்து என்றனர்.

நாற்பதைக் கடந்தார் எவர்க்கும் வருவது வெள்ளெழுத்து. கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழக்க, அண்மையிலுள்ள பொருள் மங்குகின்றது. எழுத்து மங்குவதைக் கொண்டே தமிழ் அதற்குப் பெயர் வைத்தமையால், படித்தவர்க்கே உரிய குறைபோல அப்பெயர் ஒலிக்கின்றது. இரண்டிலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளவேண்டியவளுக்கோ அக்குறை கூலியிலே தெரிகின்றது. இந்தியாவின் அசாம் மாநிலத்திலே, 40 வயதும் அதற்கு மேலுமான 751 தேயிலைத் தொழிலாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றோரின் பறிப்பு, பெறாதோரினதை விஞ்சி 21.7 சதவீதம் உயர்ந்ததாக அது காட்டிற்று. ஒரு சோடி வில்லையின் பெறுமதியை இதனினும் தெளிவாக எவ்வாறு எடுத்துரைப்பது?

கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சட்டகம் தேர்ந்தார். வட்ட முகத்துக்குக் கோணமானது, நீண்ட முகத்துக்கு அகன்றது என்பது அத்தொழிலின் பாலபாடம். மகள் பொன்னிறக் கம்பிச் சட்டகமொன்றை எடுத்துத் தாய்க்கு மாட்டி, நிலைக்கண்ணாடியைத் திருப்பினாள். மூக்குத்தியும் பொற்கம்பியும் இசைந்திருந்தன. ஒரு கணம் அந்த முகம் ஓர் ஆசிரியையின் முகம்போலவே தோன்றிற்று. மகளுக்கு உள்ளம் நிறைந்தது.

தாயோ முந்தானையை மடித்து உச்சந்தலையில் வைத்தாள். கயிற்றைப் பிடிப்பவள்போல இரு கைகளையும் காதுகளுக்குப் பின்னே அழுத்திப் பார்த்தாள்.

“கூடக் கயிறு இதுமேல விழுமே, தாயி. நசுங்கிப் போயிராதா?”

மகள் நாணினாள். அக்கயிறு பெற்றுத் தந்த சோற்றிலே வளர்ந்தும், அது தன் நினைவுக்கு வராது போயிற்றே! விரிவுரை மண்டபத்தில் தன்னருகே இருக்கும் தோழியரின் தாய்மாரையல்லவா அவள் அந்த நிலைக்கண்ணாடியில் தேடியிருந்தாள்?

பின்னர் தொழிலை முன்வைத்தே தேர்வு நடந்தது. மெல்லிய கம்பி கயிற்றின் பாரத்தில் வளைந்துவிடும். பருத்த பிளாஸ்டிக் காம்போ கயிற்றுக்கும் எலும்புக்கும் இடையே அகப்பட்டு நோகச் செய்யும். ஆதலால் மெலிந்ததும் வளைந்து நிமிரக்கூடியதுமான பிளாஸ்டிக் காம்பு வேண்டும். காம்பின் உட்புறத்தே பொறித்திருந்த இலக்கங்களைக் கடைக்காரர் விளக்கினார்: 50 வில்லையின் அகலம், 18 மூக்குப்பாலத்தின் அகலம், 140 காம்பின் நீளம், யாவும் மில்லிமீற்றரில். பாலம் அகன்றால், குனியுந்தோறும் வியர்வையில் சட்டகம் வழுக்கும். அன்றியும், அண்மைக்கான வில்லையினூடே தொலைவு மங்கும். அதனை அணிந்தவாறே மலைச்சரிவில் இறங்குதல் ஆபத்து. கழற்றினால் மார்பில் தொங்கும்படி கயிறொன்றும் வாங்கவேண்டியதாயிற்று.

“இன்னொரு கயிறா?” என்று தாய் சிரித்தாள்.

மலையில் இறங்கும் மூடுபனிக்கு மட்டும் எந்தச் சட்டகத்திலும் விடை கிடைக்கவில்லை. துடைக்கத் துணித்துண்டொன்று கிடைத்தது. இறுதியில் வாங்கியது சாதாரணக் கறுப்புச் சட்டகம். அழகில் அது பொன்னிறத்துக்கு ஈடாகாது. எனினும் அதனைத் தேர்ந்தவள் தாயே.

முகத்துக்கேற்றதைச் சொல்ல நிலைக்கண்ணாடி போதும். உழைப்புக்கேற்றதை உழைப்பவரிடமே கேட்டறிதல் வேண்டும். நாற்பதைக் கடந்த ஒவ்வொருத்தியின் கண்ணையும் ஆண்டுக்கொருமுறை கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே சோதித்தால், முற்றல் இலைக்காகப் பேச்சு வாங்கும் பெண்கள் எத்தனை பேர் தலைநிமிர்வர்! பல்கலைக்கழகப் பிள்ளையைப் பெற்றவளுக்குக் கிடைத்தது, அத்தகைய பிள்ளையில்லாத அடுத்த காம்பிராக்காரிக்கும் கிடைக்கவேண்டுமன்றோ?

திரும்பும் பஸ்ஸிலே தாய் கண்ணாடியை மெல்ல எடுத்து அணிந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பின் தன் விரல்களை விரித்து, தேயிலைக் கறை ஊறிய வெடிப்புகளை ஒவ்வொன்றாக நோக்கினாள்.

“இம்புட்டு வெடிப்பா இருக்கு?” என்றாள்.

மகள் அக்கையைத் தன் கையுள் எடுத்துக்கொண்டாள்.