கார் ஷெட்டுக்கு மேலே யாரு?

பெங்களூருல பழைய ஏரியா எதுக்குள்ள நடந்தாலும் இதைப் பார்க்கலாம். ஜெயநகர், மல்லேஸ்வரம், பசவனகுடி... வீடு பாட்டுக்கு அமைதியா உட்கார்ந்திருக்கும். ஒட்டினாப்புல ஒரு கார் ஷெட். அது தலைமேல பிற்பாடு ஏறிக்கிட்ட ஒரு ரூம், வெளிப்பக்கமா ஒரு இரும்புப் படி. மேலே பேச்சிலர் பையன் யாராவது வாடகைக்கு இருப்பான். இல்லைன்னா ட்யூஷன் நடக்கும். அதுவும் இல்லைன்னா, ஊர்லேர்ந்து கூட்டிக்கிட்டு வந்த அப்பா அம்மா இருப்பாங்க.

இந்தக் கடைசி வகையைப் பத்திதான் இன்னிக்கு.

ஜெயநகருக்கு 1948ல அடிக்கல் நாட்டினது கவர்னர் ஜெனரலா இருந்த நம்ம ராஜாஜி. அந்தக் காலத்து 40க்கு 60 சைட்டுல சுத்திவர இடம் தாராளம், ரூம்தான் குறைச்சல். நாங்க வாங்கின வீடும் அந்தப் பக்கம்தான், 1970கள்ல கட்டினது. ரெண்டே பெட்ரூம். ரெட் ஆக்சைடு தரை. கார் ஷெட் மட்டும் 10க்கு 18.

அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா அம்பாசமுத்திரத்துல தனியா இருந்தாங்க. "வாங்கம்மா"ன்னு கூப்பிட்டா, "வாரேம்ல, தாமிரபரணியையும் அங்க கொண்டுபோயிட்டியா?"ன்னு கேப்பாங்க. ஒருவழியா 2022ல சரின்னாங்க. உடனே டல்லாஸ்ல இருக்கிற தம்பி வீடியோவுல வந்து திட்டம் சொன்னான். "ஷெட்டுக்கு மேல ஒரு ரூம், அட்டாச்டு பாத்ரூம். அம்மாவுக்கு பிரைவசி. செலவுல பாதி என்னோடது."

நல்ல மனசோட சொன்னதுதான். என் மனைவிதான் கேட்டாங்க. "அத்தை ராத்திரி மூணு தடவை எந்திரிக்கிறாங்க. மழை பெய்யுற நேரத்துல வெளிப்படியில யாரு கூட நிக்கிறது?"

அம்மாகிட்ட போன்ல கேட்டேன். "மேல போடுதது பரண்ல பித்தளைப் பானையைப் போடுத மாதிரிதாம்ல. வேணும்னா மட்டுந்தான் எறக்குவிய. எனக்கு அடுக்களைச் சத்தம் கேக்கணும்."

அதோட முடிஞ்சது. பிளஸ் ஒன் படிக்கிற பையன் மேலே, அவன் ரூம் அம்மாவுக்குன்னு ஆச்சு. பையனுக்கு சொர்க்கமே கிடைச்ச மாதிரி! :-)

மேலே யாருன்னு முடிவாச்சு. கீழே என்ன இருக்குங்கிறது அடுத்த கேள்வி.

மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். ஷெட் சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, பெங்களூரு பாணியில "ஏனூ ஆகல்ல சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னார். மனுஷங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க. சுவர் பண்ணாதே! ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் எதுவும் பேசாம முதல்ல சுவர் ஓரமா குழி வெட்டச் சொன்னார்.

வீட்டோட அஸ்திவாரம் சைஸ் கல்லு, நாலடி ஆழம். ஷெட்டோடது ஒன்றரை அடிகூட இல்லை. சுவரும் நாலரை இன்ச்தான். காருக்கு மழை படாம மறைக்கக் கட்டின சுவர் அது, ஒரு ரூமைத் தாங்கக் கட்டினது இல்லை.

"வீட்டுச் சுவர் பலமாத்தானே இருக்கு, ஒரு பக்கத்தை அதுமேல ஏத்திடலாமே?"ன்னு கேட்டேன். அவர் சொன்னது: பழைய அஸ்திவாரம் இத்தனை வருஷத்துல அமுங்க வேண்டியதெல்லாம் அமுங்கி நின்னாச்சு. புதுசு இனிமேதான் அமுங்கும். ரெண்டையும் சேர்த்துக் கட்டினா சேர்ற இடத்துல விரிசல் விடும், அது வழியா மழைத்தண்ணி இறங்கும். அதனால ஷெட் சுவரை எடுத்துட்டு, தனி அஸ்திவாரத்தோட நாலு காங்கிரீட் தூண். பழைய சுவருக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவுல சின்ன இடைவெளி, மேலே தண்ணி இறங்காம ஒரு மூடி. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாத் தோண்டவே கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொன்னார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். கீழே கார் நுழைய ஒரு பக்கம் முழுசா திறப்பு, மேலே நாலு பக்கமும் சுவர். நிலம் குலுங்கினா கீழ்த்தளம் பக்கவாட்டுல மடங்கிடும். 1994ல லாஸ் ஏஞ்சலஸ்ல நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போது, கீழே கார் நிறுத்துற மாதிரி கட்டின ஒரு அடுக்குமாடியில மட்டும் 16 பேர் போனாங்க. 2001 ஜனவரி 26, குஜராத் பூகம்பம் மையம் கொண்டது கட்ச் பக்கம். 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்கிற அகமதாபாத்ல, தரைத்தளத்தைப் பார்க்கிங்குக்குத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் சரிஞ்சுது. சான் பிரான்சிஸ்கோ 2013லயும் லாஸ் ஏஞ்சலஸ் 2015லயும் இந்த மாதிரி பழைய கட்டடங்களைப் பலப்படுத்தியே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. பெங்களூருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் தூணும் பீமும் ஒழுங்கா இருந்தா யாருக்கு நஷ்டம்?

அடுத்தது அனுமதி. பக்கவாட்டுல விடவேண்டிய காலி இடத்துல ஷெட் இருந்தா, காருக்குக் கொடுத்த சலுகை மேலே வர்ற ரூமுக்கும் உண்டுன்னு நினைச்சுக்காதீங்க. எங்க ஷெட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல தேவையான இடம் இருந்ததால பிழைச்சோம். "முதல்ல கட்டிடுங்க, அப்புறம் அபராதம் கட்டி சரிபண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்காகக் கொண்டுவந்த அக்ரம-சக்ரம திட்டத்துக்கு 2017லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுடுச்சு. நாங்க பிளான் வாங்கினப்போ இருந்த பிபிஎம்பியும் இப்ப இல்லை. 2025 செப்டம்பர்லேர்ந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்குக் கீழே அஞ்சு மாநகராட்சிகள். உங்க வீடு எதுல வருதுன்னு முதல்ல பாருங்க.

வெளிநாட்டுல, மூடின கராஜுக்கு மேலே ரூம் போடுறவங்களுக்கு: கார் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அமெரிக்க விதிப்படி மேலே ரூம் இருந்தா கராஜ் கூரைக்கு 5/8 இன்ச் தடிமன்ல தீ தாங்குற ஜிப்சம் பலகை அடிக்கணும். எங்க ஷெட் முன்பக்கம் திறந்தது, புகை தங்காது. ஆனா என் மனைவியோட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பையன் கட்டிலுக்கு நேர் கீழே ராத்திரி பூரா சார்ஜ் ஆகிறது சரியாப்படலை. அந்த பாயிண்டை கேட் பக்கம் மாத்தினோம்.

படியும் முக்கியம். இந்தியக் கட்டட விதியில வீட்டுப் படிக்கு உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, கால் வைக்கிற அகலம் 250க்குக் குறையக்கூடாது. ஏணி மாதிரி இரும்புப் படி வைக்காம, ரெண்டு பக்கமும் கைப்பிடியோட கட்டினோம். அதனாலதான் வாரத்துல ஒரு நாள் அம்மாவே ஏறிப் போயி, "ரூமாலே இது? மாட்டுத்தொழுவம் தேவல"ன்னு பேரனைத் திட்டிட்டு வர்றாங்க.

மத்த நாளெல்லாம் அடுக்களைக்குப் பக்கத்து ரூம்தான். குக்கர் மூணாவது விசில் அடிச்சும் அடுப்பை அணைக்கலைன்னா உள்ளேர்ந்து குரல் வந்துரும்.

அங்கேயிருந்து பணம் அனுப்பி இங்கே பெத்தவங்களுக்கு மாடியில ரூம் கட்ட நினைக்கிற நண்பர்களுக்குச் சொல்ல ஒண்ணுதான் இருக்கு. முதல் செலவு அந்தக் குழிக்கும் இன்ஜினியருக்கும். அதுக்கும் முன்னாடி ஒரு போன், அந்த ரூம்ல இருக்கப்போறவங்களுக்கு.