அந்தியில் அடையும் கோழி

குறுந்தொகையின் 139ஆம் பாடலைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார், பரத்தையிடமிருந்து திரும்பிவந்து வீட்டுக்குள் வர இசைவு கேட்கும் தலைவனைத் தோழி தடுத்து நிறுத்துவதைச் சொல்ல வந்தவர். ஆனால் அவர் கையாண்ட உவமைக்குள் ஒரு வீட்டுக்கோழியின் அந்திப்பொழுது முழுவதும் அடங்கியிருக்கிறது. மாலை மங்கும்போது வெருகு, அதாவது காட்டுப்பூனை, வேலியோரம் வந்துவிடுகிறது. எங்கே நுழைவது என்று தெரியாமல் குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டித் திரள்கின்றன. குட்டைக் கால் பெட்டைக்கோழி அவற்றைக் கூவிக்கூவி அழைக்கிறது. ஊரார் வாய்க்குள் முணுமுணுக்கும் பழிப்பேச்சு அந்தக் குரலைப் போலக் கேட்கச் சகியாததாக இருக்கிறது, ஆகவே எங்கள் தெருப்பக்கம் வராதே என்று தோழி முடிக்கிறாள்.

உரைகாரர்கள் தலைவியின் துயரத்தையும் ஊர்ப்பழியையும் விளக்கியதோடு நின்றார்கள். அது அவர்கள் வேலை. கோழி வளர்த்துப் பழகியவர் இப்பாடலைப் படிக்க நேர்ந்தால், ஐந்தாறு அடிக்குள் இத்தனை உண்மை எப்படி நுழைந்தது என்றுதான் வியப்பார். கோழியின் விழித்திரையில் பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புச் செல்கள் மிகுதி, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் குறைவு; எனவே பகலில் வானத்துப் பருந்தை முதலில் கண்டுகொள்ளும் அதே தாய்க்கோழி, பொழுது சாய்ந்தபின் தன் முற்றத்திலேயே தடுமாறும். இரை கண்டால் ஒரு குரல், பகை கண்டால் வேறொரு குரல் என்று தாய் பிரித்து அழைப்பதும், ஆபத்துக் குரல் கேட்ட குஞ்சுகள் ஓடாமல் ஒடுங்கிப்போவதும் இன்றும் எந்தக் கொல்லைப்புறத்திலும் காணக்கூடியவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தக் குஞ்சுகளுக்குப் புகுமிடம் தெரியவில்லை என்று புலவர் சொல்கிறார். அவற்றின் துன்பத்துக்குக் காரணம் வெருகு பாதி, திறந்திருக்கும் கூடு ஒன்று இல்லாதது பாதி.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை செல்லும் வழியில் உள்ள மகாராஜபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் இந்தப் பாட்டு உவமையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சாம்பல் நிற அணில்களைக் காக்க 1988இல் சரணாலயமாக்கப்பட்டு, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமான காடு தோப்புகளின் முடிவிலேயே தொடங்கிவிடுவதால், காட்டுப்பூனையும் மரநாயும் கீரியும் இங்கே கோழியின் அன்றாட அயலார். அதனால் கோழி வாங்குவதற்கு முன்பே கூடு அமைந்துவிட வேண்டும். ஒரு கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி இடம் விட்டு, தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, காற்று ஊடாடும்படி கட்டிய கூடு போதும். ஆனால் அதற்கு அடிக்கும் கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் தலை நுழையும் இடத்தில் கீரியின் உடலும் நுழைந்துவிடும். புதிதாக வாங்கிய கோழியை நான்கைந்து நாள் அடைத்தே வைத்துத் தீனி கொடுத்தால்தான் அது அந்தக் கூட்டைத் தன் வீடாகக் கொள்ளும். பிறகு பொழுது இறங்குமுன் கூட்டருகே ஒரு பிடி கம்பை இறைத்து "பா, பா" என்று அழைத்தால் தானே வந்து அடையும். பகலில் குஞ்சுகளைத் தாயோடு கவிழ்த்து மூடிவைக்கும் மூங்கில் கூடையாகிய பஞ்சாரம் பருந்திடமிருந்து காக்குமே தவிர இரவுக்கு ஆகாது. கீரிக்கு அதை முட்டிச் சாய்ப்பது பெரிய காரியமில்லை.

இதே மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் வீட்டுக்கோழிக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கோழி சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தது என்பது பொதுவாக உண்மையே. என்றாலும் உலகெங்கும் பரவலாகக் காணப்படும் மஞ்சள் தோலுக்குரிய மரபணு தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எங்கோ ஒரு தொலைதேசத்துப் பண்ணைக் கோழியின் மஞ்சள் காலில் இந்த மேற்குமலை வரிசையின் பறவைக்கும் பங்கு உண்டு என்பது மகாராஜபுரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லத்தக்க செய்தி.

நாட்டுக்கோழியின் பெருஞ்சிறப்பு அது தானே அடைகாப்பதுதான். ஈடு என்பது ஒரு கோழி தொடர்ந்து இட்டு முடிக்கும் முட்டைத் தொகுதி. ஈடு முடிந்து கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டைவிட்டு எழ மறுத்தால், ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளில் பத்துப் பன்னிரண்டை மட்டும் வைக்கோல் பரப்பிய கூடையில் வைக்கலாம். ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் கருக்கொண்டதில் சிவந்த நரம்புகள் கிளைவிட்டுத் தெரியும். நரம்பு எதுவுமின்றித் தெளிந்திருப்பது கூமுட்டை, அதை எடுத்துவிட வேண்டும். இடி இடித்தால் கரு கலங்கும் என்று பெண்கள் அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவதற்கு அறிவியல் சான்று இல்லாவிட்டாலும், அதனால் தீங்கும் இல்லை. 21ஆம் நாள் குஞ்சு பொரிந்தபின் நொய்யரிசி வயிற்றை நிரப்புமே ஒழிய வளர்ச்சிக்குப் போதாது, புரதம் வேண்டும். அதற்கு முன்னோர் கண்ட வழி மிக அழகானது: பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, தென்னை மட்டை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால், காலையில் பானை முழுதும் கரையான் மொய்த்திருக்கும், அதைக் குஞ்சுகளின் முன் உதறினால் போதும்.

கூட்டுக் கதவு தடுக்க முடியாத பகை ஒன்று உண்டு. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அதையடுத்து இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்திலும் கண்டறியப்பட்டு, இந்தியாவில் ராணிகேத் நோய் என்றும் தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் என்றும் பெயர்பெற்ற அந்த நச்சுயிரி நோய், கழிச்சலில் தொடங்கிக் கழுத்தைத் திருகவைத்துச் சில நாளில் ஒரு தெருவின் கோழிகளையே வாரிக்கொண்டு போகும். வந்தபின் மருந்தில்லை, குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுமுறை, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி என்பதே காப்பு. ஆனால் தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு உரிய அளவில் வருகிறது, கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக் கோழி வளர்க்கும் ஒரு வீட்டுக்கு அது பொருந்தாததே பலர் தடுப்பூசியைக் கைவிடக் காரணம். உணவோடு கொடுக்கும் குறுணை வடிவ மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது இந்தச் சிக்கலை எண்ணித்தான். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில், கோடை நோய் வருமுன், இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஒரு வீடு மட்டும் போட்டுக்கொண்டால் தெரு தப்பாது. ஆகவே முகாம் நாளன்று பத்து வீட்டாரும் சேர்ந்து, விடிந்ததும் கூட்டைத் திறக்காமல், அடைந்த கோழியை அப்படியே பிடித்துக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை திறந்துவிட்ட கோழியைப் பிடிக்க அந்திவரை காத்திருக்க நேரும், அதற்குள் முகாமும் முடிந்துவிடும்.