ஊசி நடுங்கினால் காற்று

"வரக்காப்பொலயில ஏது கடல்?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். கொழும்பில் சான்றிதழ் படித்துவிட்டு ஸ்கேனர் பெட்டியோடு வந்தவன். கண்டி வீதியில் பஸ்ஸை நிறுத்தித் தலகுலி வாங்குகிற ஊரில் ஒருவன் படகு எஞ்சின் பார்க்கிறான் என்பது அவனுக்குச் சிரிப்பு. பலநாள் படகுகளிலும் லொறி எஞ்சினைக் கடலுக்கு மாற்றிப் பூட்டியவை உண்டு என்பது அவனுடைய பாடத்தில் இல்லை போலும். கடல்நீர் பம்பையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் மெரின் கியரையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது எங்கள் தோட்டத்துப் பாதையில் இறப்பர் பால் ஏற்றிய அதே எஞ்சின்தான்.

நான் வேலை பழகியது தோட்டத்து இறப்பர் ஸ்டோரின் எஞ்சின் ரூமில். அங்கே நின்ற பழைய லிஸ்டருக்கு ஒயில் கேஜே கிடையாது. நிமிடத்துக்கு 650 சுற்று. பிக் எண்டில் உள்ள கரண்டி எண்ணெயை அள்ளித் தெளிக்கும், அவ்வளவுதான். அதனால் எங்கள் எஞ்சின் டிரைவர் கையைத்தான் நம்பினார். எஞ்சினை நிறுத்தி, சூட்டு ஆவி அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கிராங்கேஸ் கதவைத் திறந்து பெயரிங்கைத் தொட்டுப் பார்ப்பார். அவசரப்பட்டுத் திறக்கப் போனவனின் கையில் ஸ்பேனராலேயே ஒரு தட்டு விழும். பெரிய எஞ்சின்களில் அந்த ஆவி வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஒயில் பிரஷர் இறங்குது என்றதும் ஒயில் பம்பை மாற்றுகிறார்கள். பம்ப் எண்ணெயைத் தள்ளும், அதோடு அதன் வேலை முடிந்தது. அழுத்தம் வருவது எண்ணெய் வெளியேறும் இடுக்கில். மெயின் பெயரிங் தேய்ந்து இடுக்கு விரிந்தால் புதுப் பம்ப் போட்டும் பலனில்லை. எண்ணெயில் டீசல் கலந்து நீர்த்தாலும் அதே கதை. அளவுக் கம்பியில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நான் முதலில் மோந்து பார்ப்பேன்.

அதற்கும் முன்னால் கேஜ். கேஜுக்கு அளவு அனுப்புகிற சென்டரைக் கழற்றிய துளையில் குழாய்க் கேஜ் ஒன்றைப் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் நான் ஒரு நட்டையும் தொடுவதில்லை. 5 பார் கேஜுக்கு 10 பார் சென்டரைப் பூட்டிவிட்டு, ஊசி பாதியில் நிற்கிறது என்று எஞ்சினையே இறக்கிய கராஜ்கள் இருக்கின்றன. எவ்வளவு இருந்தால் சரி என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 1000 சுற்றுக்கு 10 இறாத்தல் அழுத்தம் என்பது பொதுக்கணக்கு. 50 காட்டுகிற எஞ்சின்களும் உண்டு, ஆனால் கார்ட்னர் 35 இறாத்தலிலேயே நிம்மதியாக ஓடும். அதைப் பார்த்துப் பயந்து ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்து முறுக்குகிறவர்களை என்ன சொல்ல.

என்னைத் தூங்கவிடாத எஞ்சின் ஒன்று உண்டு. ஆறு சிலிண்டர், லொறி இனம். நீர்கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி வந்தார்கள். கராஜ் தரையில் கட்டைமேல் வைத்து ஓட்டினால், சூடேறிய பிறகும் 50க்குக் குறையாது. பெயரிங்கைப் பார்த்தேன், கிராங்கை அளந்தேன், பம்ப் கியரின் இடைவெளியை ஃபீலர் விட்டுப் பார்த்தேன், ஃபில்டரை வெட்டி விரித்தேன். எல்லாம் சுத்தம். படகில் இறக்கி முழு வேகம் கொடுத்தால் மட்டும் 20க்கு வந்துவிடும். படகுக்காரர் என்மேல் பாய்ந்தார், நியாயம்தான். வேறொரு பாஸ் எண்ணெயைக் கூட ஊற்றச் சொல்லியிருந்தார். கிராங் அதை அடித்து நுரையாக்கி இன்னும் கெடுத்தது.

கடைசியில் நானே படகில் ஏறினேன். ஊசியைப் பார்த்தேன்: இறங்கி நிற்கவில்லை, நடுங்கிற்று. இடுக்கு விரிந்ததென்றால் ஊசி மெதுவாக இறங்கி ஒரே இடத்தில் நிற்கும். ரிலீஃப் வால்வில் தூசு மாட்டினால் ஒரேயடியாக விழும். நடுங்கினால் காற்று. சம்பின் கிணறு முன்பக்கம், உறிஞ்சு குழாயும் அங்கேதான். லொறியில் அது சரி. படகிலோ தண்டோடு சேர்ந்து எஞ்சினும் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. வேகம் கொடுத்தால் அணியம் தூக்கி அந்தச் சரிவு இன்னும் கூடும். எண்ணெயெல்லாம் பின்னால் ஓட, குழாய் காற்றைக் குடித்தது. கொத்தனாரின் ரசமட்டத்தை வால்வ் கவர்மேல் வைத்துக் காட்டியபோதுதான் படகுக்காரர் வாயை மூடினார். என் கராஜ் தரை மட்டமானது, அதனால்தான் அங்கே அது நோய் காட்டவில்லை.

சம்பை வெட்டிப் பின்பக்கம் கிணறு வைத்து, குழாயை நீட்டிப் பற்றவைத்தோம். அளவுக் கம்பியின் பழைய கோட்டை அழித்து, ஐஸும் டீசலும் ஏற்றிப் படகு தண்ணீரில் உட்கார்ந்த பிறகு புதுக்கோடு கீறினேன். இந்த வேலைக்கு எந்தப் புத்தகத்திலும் கூலி போட்டிருக்காது. படகுக்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

இப்போது யாருக்கும் சம்பைக் கழற்றப் பொறுமையில்லை. 40ஆம் நம்பர் எண்ணெயில் ஓடவேண்டிய எஞ்சினில் 50ஆம் நம்பரை ஊற்றினால் ஊசி கொஞ்சம் ஏறும், அதோடு எஞ்சினை விற்றுவிடலாம். வாங்கியவன் விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது அந்தக் கெட்டி எண்ணெய் ரொக்கருக்குப் போய்ச்சேரும்வரை இரும்போடு இரும்பு உரசும். ஃபில்டர் வாங்கப் போனால் அசலின் பெட்டியில் போலி. பழக வருகிற பையன்களோ மூன்றாம் மாதமே த்ரீவீலர் எடுத்து ஓடுகிறார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை, நான் கொடுக்கிற காசு அப்படி.

இப்போது கேஜையே கழற்றி எறிந்துவிட்டு ஒரு சிவப்பு லைட் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பார்த்துப் பார்த்துப் பயப்படத் தேவையில்லையாம். அழுத்தம் 5, 7 இறாத்தலுக்குக் கீழே போனால்தான் அந்த லைட் எரியும். முழு வேகத்தில் 50 காட்டவேண்டிய எஞ்சின் 15ல் ஓடினாலும் அது எரியாது. எரிகிற நேரத்தில் கிராங் நீலம் பாய்ந்திருக்கும், கரையும் கண்ணுக்குத் தெரியாது.