மட்டமும் வாட்டமும்

சுவரில் மயிரிழை போல் ஒரு வெடிப்புக் கண்டால் வீட்டார் அனைவரும் கூடி ஆராய்வர். ஆனால், வீட்டைச் சுற்றிப் போட்ட சீமெந்துத் தளம் ஆண்டுக்கு அரை அங்குலமாகத் தாழ்ந்துகொண்டு போனால், அதனைக் கவனிப்பார் எவருமிலர். சமையலறைச் சுவரில் ஈரம் ஏறி, வயோதிபர் ஒருவர் கால் தடுக்கவும் நேர்ந்த பின்னரே, "மேசனைக் கூப்பிடுங்கள்" என்ற குரல் எழுகின்றது.

திருகோணமலையில் இத்தொல்லைக்குக் காரணங்கள் பல. துறைமுகம் ஆழமானது, அதனைச் சூழ்ந்த நிலமோ மேடும் பள்ளமுமானது. உவர்மலைச் சரிவில் வீடு கட்டுவோர் ஒரு பக்கத்தை வெட்டி, அம்மண்ணை மறுபக்கத்திற் கொட்டி நிரவியே சமதரை காண்கின்றனர். வெட்டிய பக்கம் அசையாது. நிரவிய பக்கமோ சரிவர இடிக்கப்படாவிடின் ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

இதனோடு மழையும் சேர்கின்றது. இவ்வூரில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது; அதிற் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாரி காலத்திலேயே கொட்டிவிடும். ஒரு சதுர மீற்றரில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 சதுர மீற்றர் கொண்ட கூரைச் சரிவு ஒன்றில் ஆண்டுதோறும் 80,000 லீற்றர் நீர் விழுகின்றது! பீலி இல்லாத வீட்டில் அத்தனையும் ஒரே கோட்டில் வீழ்ந்து, தளத்தின் விளிம்பை அரித்து, அடிமண்ணைக் கரைத்துச் செல்லும். மேலே தளம், கீழே வெற்றிடம். அப்புறம் தளம் தாழாமல் என்ன செய்யும்?

2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிற்று. அந்த மழைக்குப் பின்னரே எங்கள் கிணற்றடித் தளம் தாழத் தொடங்கியது. சில மாரிகளுக்குள் ஒரு பகுதி இரண்டு அங்குலம் இறங்கிச் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் மாமிக்கு வயது 78. விடியுமுன் கிணற்றடியில் நீராடுவது அவரது வழக்கம். ஒருநாள் அவ்விளிம்பிற் கால் தடுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். "இனிக் குளியலறைக்குள்ளே குளியுங்கள், மாமி" என்று வேண்டினோம்.

"கிணத்தடிக்கும் போக ஏலாதெண்டால், பிறகு நான் இந்த வீட்டில என்ன செய்யிறது?" என்றார் அவர்.

அக்கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. கொந்தராத்துக்காரரைத் தேடினோம்.

முதலில் வந்தவர் படலையடியில் நின்றே எட்டிப் பார்த்தார். பழைய தளத்தின் மேல் இரண்டு அங்குலம் புதிதாகப் போட்டு மட்டமாக்கித் தருவதாகவும், இரண்டே நாளில் முடியுமென்றும், பணம் முழுவதையும் முன்கூட்டியே தரவேண்டுமென்றும் உரைத்தார். தாழ்கின்ற மண்ணின் மேல் மேலும் பாரம் ஏற்றினால் அது இன்னும் தாழுமன்றோ? தளம் உயர உயர வாசற்படி தாழ்ந்து, மழைநீர் உள்ளே வரவும் வழியாகும். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அடுத்து வந்தவர் முதிய மேசன் ஒருவர். அவர் விலை பேசவில்லை. இரும்புக் கம்பியாலே தளத்தைத் தட்டித் தட்டிச் செவிமடுத்தார். வெற்றிடமுள்ள இடங்கள் வேறு ஓசை எழுப்பின. பின்னர் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு, "மழைத்தண்ணி எந்தப் பக்கத்தால வடியுது, அம்மா?" என்று மாமியைக் கேட்டார்.

"வடியிறதெங்க, தம்பி? சுவரடியிலதான் நிக்குது."

"அப்ப மட்டமா வைச்சும் பிரயோசனமில்லை. வாட்டம் வேணும்" என்றார் மேசன்.

அவர் கேட்ட தொகை முன்னவரதிலும் ஒன்றரை மடங்கு. ஆயினும் வேலையை அவரிடமே ஒப்படைத்தோம்.

அமெரிக்காவிலே 1930களிலிருந்து ஒரு முறை வழங்கி வருகின்றது. தாழ்ந்த தளத்திலே துளையிட்டு, மண்ணும் சீமெந்தும் கலந்த குழம்பை அழுத்தி ஏற்றித் தளத்தை அப்படியே தூக்கிவிடுவர். பிற்காலத்தில் குழம்புக்குப் பதிலாக விரியும் செயற்கை நுரையும் பயன்பாட்டுக்கு வந்தது. எங்கள் தளமோ நான்காக வெடித்திருந்தமையால் தூக்கியும் பயனில்லை. மேலும், நீரின் வழியை மாற்றாமல் தளத்தை மட்டும் தூக்கினால், மண் மீண்டும் அரிபட்டே போகும்.

ஆகவே, தாழ்ந்த பகுதியை அலவாங்கினாற் பெயர்த்தெடுத்தனர். குழியை மண்ணால் ஒரேயடியாக நிரப்பாமல், அரை அடிக்கு ஒரு படையாக இட்டு, நீர் தெளித்து, கட்டையால் இடித்து இறுக்கினர். அதன்மேற் கல் பரப்பி, ஒரு பங்கு சீமெந்து, இரு பங்கு மணல், நாலு பங்கு சல்லி என்ற கணக்கில் நாலங்குலத் தளம் இட்டனர். கடல் மணல் அருகிலேயே கிடந்தபோதிலும் மேசன் அதனைத் தொடவில்லை. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும் என்று கூறி ஆற்று மணலே வருவித்தார். அடிக்குக் கால் அங்குலம் வீதம் சுவரிலிருந்து வெளியே வாட்டம் வைத்தார். மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலம். நடப்பவர் காலுக்கு அது தெரியாது. தண்ணீருக்கு நன்கு தெரியும். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம். கூரைக்குப் பீலியும் பூட்டினோம். கூலியை மூன்று தவணையாகக் கொடுத்தோம்: தொடக்கத்தில் ஒன்று, மண் இடித்து முடிந்ததும் ஒன்று, சாக்கு எடுத்த பின் ஒன்று.

அடுத்த மாரியில் நீர் சுவரைத் தீண்டாமல் வேலியோரக் கானுக்கு ஓடிற்று. மாமி வழக்கம்போல் இருளோடு எழுந்து கிணற்றடிக்குப் போனார். நாங்களும் அவர் பின்னே விளக்கோடு ஓடவில்லை.

இத்தகைய வேலை வைத்திருப்போர் ஒக்டோபருக்கு முன்பே அதனை முடித்துக்கொள்ளுதல் நன்று. வருகிறவர் முதலிற் கேட்பது பணத்தையா, தண்ணீரையா என்று கவனியுங்கள். பழைய தளத்தைப் பெயர்ப்பாரா, மண்ணை எத்தனை படையாக இடிப்பார், வாட்டம் எப்பக்கம் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "மட்டமாக்கித் தாருங்கள்" என்று மாத்திரம் சொன்னால், கிடைப்பதும் மட்டமான வேலையாகவே இருந்துவிடும்!