அசையும் குதிரையின் பூர்வீகம்

வீணை படித்த கைக்குக் குதிரை என்றால் அசையாத பொருள். மேற்பலகையில் அழுந்தி நிற்கும் மரம், அதன் தலையில் வெண்கலத் தகடு. ஒரே மெட்டில் வைத்துத் தந்தியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரம் மேலே போனாலும் அது நின்ற இடத்தில் நிற்கும். நின்றால்தான் கமகம். இதை நான் கேள்விக்கே இடமில்லாத விஷயமாக நினைத்திருந்தேன், என் அக்கா மகன் தன் எலெக்ட்ரிக் கிதாரைத் திருப்பதி வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைக்கும்வரை.

சென்னையில் பழையதாக வாங்கிய கிதார். எங்கள் தெரு பஜனையில் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளை அதில் வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "மாமா, ஒரு கம்பிய இழுத்தா மத்ததெல்லாம் இறங்கிப்போகுது" என்றான். வாசித்துக் காட்டினான். தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது அடியில் ஒலித்துக்கொண்டிருந்த சட்ஜமும் சேர்ந்து அசைந்தது. காதால் தாங்க முடியவில்லை.

கிதாரின் குதிரையை, அதாவது பிரிட்ஜைக் கூர்ந்து பார்த்தேன். அது உடலோடு ஒட்டியே இல்லை. இரண்டு ஆணிகளின் பள்ளத்தில் கத்திமுனை போன்ற விளிம்புகளால் தொற்றி மிதக்கிறது. முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. மெல்லிய ஒன்பதாம் எண் செட்டுக்கே மொத்த இழுவிசை ஏறத்தாழ 38 கிலோ. பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகள் அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. பிரிட்ஜில் செருகிய கைப்பிடியை அழுத்தினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், ஆறு கம்பியும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி சரியும். விட்டால் திரும்ப வரும். அவன் கிதாரில் அந்தக் கத்திமுனை தேய்ந்து மழுங்கியிருந்தது. விட்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. புதிதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்றுவதை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொரு கேள்வி. அசையக்கூடாத ஒன்றை வேண்டுமென்றே அசைய வைக்க யாருக்கு, எதற்காகத் தோன்றியது?

இந்த வகைப் பிரிட்ஜைச் செய்தவர் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர். ராக் குழுவில் வாசித்தவர், நகைவேலையும் தெரிந்தவர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போலக் கைப்பிடியை ஆட்டி வாசித்தால் கிதார் சுருதி கலைந்துபோனது. கம்பி வழுக்குவது கழுத்தின் மேல்முனையில் இருக்கும் நட்டில் என்று கண்டுகொண்டு, 1970களின் பிற்பாதியில், கம்பியை அங்கேயே கவ்விப் பிடிக்கும் பூட்டைத் தன் கையாலேயே பித்தளையில் செய்தார். பிறகு பிரிட்ஜிலும் ஒரு பூட்டு. 1979இல் காப்புரிமை கிடைத்தது. எடி வான் ஹேலன் கையில் அது உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் ரோஸ் கண்டுபிடித்தது பூட்டை. ஆட்டம் அவருக்கு முன்னாலேயே இருந்தது.

1954இல் வந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஸ்பிரிங் வைத்த அசையும் பிரிட்ஜ் உண்டு. அதற்கும் முன்னால், லியோ ஃபென்டர் 1945இல் ஒரு கூட்டாளியோடு சிறு தொழில் தொடங்கியிருந்தார். அந்தக் கூட்டாளியின் பெயர் டாக் காஃப்மன். 1930களிலேயே கிதாருக்கு அசையும் கைப்பிடி செய்து காப்புரிமை வாங்கியவர் அவர். இருவரும் சேர்ந்து முதலில் செய்து விற்றது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிதார். இந்த இடத்தில்தான் எனக்கு நூலின் முனை கிடைத்தது.

1920களில் அமெரிக்கா முழுக்க ஹவாய் கிதார் மோகம். கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இடைவெளி இல்லாமல் போகும் அந்த நாதத்தில் ஊரே மயங்கிக் கிடந்தது. உலகில் முதன்முதலில் கடைக்கு வந்த எலெக்ட்ரிக் கிதார்களில் ஒன்றான ரிக்கன்பாக்கரின் 'ஃப்ரையிங் பேன்' கூட ஹவாய் கிதார்தான். ஃப்ரெட் வைத்த ஸ்பானிஷ் கிதாருக்கு அந்தக் குழைவு வராது. அதை ஒரு கைப்பிடியால் வரவழைக்கும் முயற்சியே காஃப்மனின் கருவி. ஆக, அக்கா மகன் கிதாரில் தொங்கும் அந்த இரும்புக் கைப்பிடி, நாம் ஜாரு என்று சொல்லும் அந்த வழுக்கலுக்கு ஏங்கிய ஒரு வாத்தியத்தின் கைத்தடி.

ஹவாய்க்கு அந்த வழுக்கல் எங்கிருந்து வந்தது? ஜோசப் கெகுகு என்ற பள்ளிச் சிறுவன் 1880களின் கடைசியில் கண்டுபிடித்தான் என்பது பரவலான வரலாறு. இன்னொரு பெயரும் உண்டு: கேப்ரியேல் டேவியன். இந்தியாவில் பிறந்து, கப்பல் கேப்டன் ஒருவரால் கடத்தப்பட்டு ஹொனலுலுவுக்கு வந்து சேர்ந்தவர் என்றும், 1884லேயே அவர் இப்படி வாசித்ததைப் பார்த்ததாகவும் ஹவாய் இசையமைப்பாளர் சார்ல்ஸ் கிங் சொல்லியிருக்கிறார். இதை வைத்து 'எல்லாம் நம்மிடமிருந்து போனதே' என்று மார்தட்ட நான் தயாரில்லை. ஒரு மனிதரின் நினைவு அது, அவ்வளவுதான். ஆனால் அதே காலத்தில் தஞ்சைப் பக்கத்தில் மெட்டே இல்லாத கோட்டுவாத்தியத்தில் கட்டையை வழுக்கி ராகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உறுதி. திருவிடைமருதூர் சகாராம ராவ், பிறகு பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், நம் காலத்தில் சித்ரவீணை ரவிகிரண் என்று அந்த வரிசை அறுபடவில்லை. ஹவாய் கிதாரும் டாவ் மோ போன்ற கலைஞர்களோடு கல்கத்தா வந்திறங்கி, பிரிஜ் பூஷண் காப்ரா கையில் ராகம் பாடியது.

இவ்வளவும் தெரிந்த பிறகு வேலை தெளிவாயிற்று. ஒரு கம்பியை மட்டும் அசைப்பது நம் சங்கீதம். ஆறு கம்பியையும் ஒன்றாக ஆட்டுவது அந்தக் கைப்பிடி. திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் கிடைத்த அன்னமாச்சாரியார் செப்பேடுகளில் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் ராகத்தின் பெயர் இருக்கிறது, ஸ்வரம் கிடையாது. மெட்டு பிற்காலத்து வித்வான்கள் அமைத்தது. கமகமோ வாசிக்கிறவர் விரலில்தான் இருக்க வேண்டும். சித்தூருக்குப் பக்கத்து ராணிப்பேட்டையில் வளர்ந்த கிதார் பிரசன்னா அதை இடதுகை விரல்களால் இழுத்தும் வழுக்கியும் கொண்டுவருகிறார். பாலக்கொல்லுவில் பிறந்த ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் நான்கு இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பி பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில் சாதித்ததும் அதுவே.

புதிய பிரிட்ஜ் வாங்கும்முன் அளவெடுத்தோம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே 74 மில்லிமீட்டர் இருந்தது. பெரும்பாலான ஃப்ளாய்ட் ரோஸ் வகைகளுக்கு இதே அளவு. அடிக்கட்டையின் உயரம் பல அளவில் வரும். உடலின் கனத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கம்பிகளை ஒரேயடியாக வெட்டாமல் மெல்லத் தளர்த்தி, பின்னால் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பழையதைத் தூக்கினோம். புதியதை ஆணிகளில் உட்கார்த்தினோம். கம்பி நுனியின் குண்டை வெட்டிவிட்டுச் சேடிலுக்குள் செருகி ஆலன் கீயால் இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் மரை போய்விடும்.

பிரிட்ஜைக் கிதாரின் உடலுக்கு இணைமட்டத்தில் நிறுத்தி, பின்குழியில் அடிக்கட்டையின் இரண்டு பக்கமும் மரத்துண்டை அடைத்தோம். தச்சரிடம் வாங்கிய தேக்கு. சேஷாசலக் காட்டில் விளையும் செம்மரத்தை ஜப்பானியர் தங்கள் ஷாமிசென் வாத்தியத்துக்கு விரும்பி வாங்குவார்கள், ஆனால் அதைச் சட்டப்படி நாம் தொடக்கூடாது. தேக்கே போதும். அடைக்காத நிலையில் ஒரு கம்பியைச் சுருதி கூட்டினால் மற்ற ஐந்தும் இறங்கும். திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். அடைத்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. நட்டைப் பூட்டிவிட்டுப் பிரிட்ஜின் சிறு திருகுகளால் கடைசிச் சுருதியைச் சேர்த்தான்.

அப்போது ரோஸ் மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. தந்தியை ஓங்கி இழுத்து வாசித்தால் வீணையில் பிருடை நழுவும். வீணைக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய அவதி. இந்தக் கிதாரில் கம்பி இரண்டு முனையிலும் பூட்டப்பட்டிருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் சுருதி அப்படியே நிற்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பூட்டை மட்டும் வைத்துக்கொண்டால், நம் சங்கீதத்துக்கு இதைவிட நம்பகமான பிரிட்ஜ் கிடைப்பது கடினம் என்பது என் முடிவு.

கர்நாடக சங்கீதம் வாசிக்க எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். தடித்த கம்பியை மீட்டி ஒலிக்கவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றை நன்றாக இழுங்கள். தடித்த கம்பியின் சுருதி இறங்கினால், நிலைப் பிரிட்ஜ் வைத்த வேறு கிதாரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு துண்டு தேக்கும் ஒரு நல்ல தச்சரும் தேவைப்படும்.